ஏரிக்கு எஜமானர் யார்?

ஏரி என்பது ஊருக்குப் பொதுச் சொத்து என்று சொல்லாதவர் நம் நாட்டில் எவருமில்லை. ஆனால் அந்தப் பொதுச் சொத்தை நிர்வகிக்கும் சபைக்கு ஆள் பொறுக்குகிறபோது மட்டும், “உனக்குக் காணி உண்டா? பட்டா உண்டா?” என்று கேட்கிறார்கள். இல்லையென்றால், அந்த ஏரித் தண்ணீரால் பிறந்து வளர்ந்தவனாயிருந்தாலும் அவன் வெளியே நிற்க வேண்டியதுதான். இது என்ன நியாயம் என்று கேட்கிறோம்.

பாசன அமைப்புகளை விவசாயிகளே நிர்வகிப்பதற்கென்று 2000-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் செய்யப்பட்டது. அதன்படி ஆயக்கட்டு தோறும் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம், அதற்கு ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவர், நிர்வாகக் குழு என்று ஏற்பாடாயிற்று. உத்தியோகஸ்தர் கையிலிருந்த காரியம் ஊரார் கைக்கு வருவதை நாம் வரவேற்கிறோம். ஆனால் பெயர் “நீரைப் பயன்படுத்துவோர்” சங்கம், ஓட்டோ நிலத்துக்கு! பயிருக்கு மட்டுந்தானா தண்ணீர்? களை பறிக்கும் பெண், மாடு மேய்க்கும் பையன், மீன் பிடிப்பவர், ஏரியால் ஊறும் கிணற்றில் நீர் இறைக்கும் நெசவாளி, இவர்களெல்லாம் நீரைப் பயன்படுத்தாமல் காற்றையா குடிக்கிறார்கள்?

ஆரணிக்கு அடுத்த திருமலையையே எடுத்துக்கொள்வோம். அந்த மலையில் இராஜேந்திர சோழன் கங்கை வரை படையெடுத்த பெருமையைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. சரித்திரக்காரர் எல்லாரும் அதைத்தான் பேசுவார்கள். அதே மலையின் அடிவாரத்துப் பாறையில் இன்னொரு சிறிய கல்வெட்டும் உண்டு. முதலாம் இராஜராஜனுடைய 21-ஆம் ஆட்சியாண்டில், அதாவது சுமார் 1005-இல், குணவீர மாமுனிவன் என்பவர் அங்கே ஒரு கலிங்கு கட்டி, அதற்குத் தம் சமயத்து ஆசிரியர் ஒருவரின் பெயரை வைத்தார் என்பது அதன் சேதி. அவர் ஜைன முனிவர். சொத்து வைத்துக்கொள்ளக் கூடாதென்பது ஜைன முனிவர்களின் விதி. காணியற்ற அந்த மனிதர் கல்லைக் கொண்டுவந்து கலிங்கு கட்டினார். 2019 ஜூனில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது நமது ஆளுங்கட்சியாய் இருந்தவர்கள் கோயில் தோறும் மழைக்கு யாகம் நடத்தினார்களே, அதைவிட ஆயிரம் வருஷத்துக்கு முந்திய அந்த முனிவருக்கு அறிவு அதிகம் என்றே சொல்லுவோம். ஆனால் அவர் இன்று உயிரோடு வந்தால், தாம் கட்டிய கலிங்கைப் பார்த்துக்கொள்ளும் சங்கத்தில் அவருக்கு ஓட்டு இல்லை!

இதைச் சொன்னால், “எங்கள் முன்னோர் அந்தக் காலத்திலேயே குடவோலை போட்டு ஏரி வாரியம் அமைத்தார்கள், உத்திரமேரூரைப் பாருங்கள்” என்று மார்தட்டுவார்கள். பார்த்தோம். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் அவை. 919-லும் 921-லும் வெட்டப்பட்டவை. ஊர் 30 குடும்பு. ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். உத்தியோகம் 360 நாள். கணக்குக் காட்டாதவனும், அவனுடைய உறவினரும் குடத்தில் பெயர் போடக் கூடாது என்றிருக்கிறது. மெத்த நல்ல விதி. நாம் மறுக்கவில்லை. ஆனால் அங்கத்தினராகும் யோக்கியதை என்ன? கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வயது 35-க்கு மேல் 70-க்குள், அதற்கு மேல் வேதம் ஓதியிருக்க வேண்டும். அது பிராமணர்க்கு விடப்பட்ட சதுர்வேதி மங்கலம். ஏரியைத் தோண்டியவன் பெயர் எந்த ஓலையில் இருந்தது? வேதத்துக்கும் மதகுக்கும் என்ன சம்பந்தம்? இதுதான் ஜனநாயகம் என்றால் அதில் ஜனம் எங்கே?

வேதம் என்ற நிபந்தனை போய்விட்டது. நிலம் என்ற நிபந்தனை மட்டும் ஆயிரம் வருஷமாகியும் போகவில்லை. வேலை வாங்குவதில் மட்டும் இந்த நிபந்தனை கிடையாது. வெள்ளைக்காரர் 1858-இல் சென்னை மாகாணத்துக்குக் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று செய்தார்கள். ஏரி உடைப்பெடுக்கும் ஆபத்து வந்தால், உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த திடகாத்திரமான ஆண்களை அழைத்து வேலை வாங்கலாம் என்பது அதன் சாரம். பல ஊர்களில் மதகு திறந்து வயல் வயலாய் நீர் பாய்ச்சும் நீர்க்கட்டி வேலையைத் தலைமுறையாய்ச் செய்துவருபவர்களும் ஆதிதிராவிடத் தோழர்களே. உடைப்பை அடைக்க அவன் முதுகு வேண்டும். நீர் திறக்க அவன் கை வேண்டும். தீர்மானம் செய்ய அவன் வாய் மட்டும் வேண்டாமா?

பெண்கள் கதி இன்னும் மோசம். 2015–16 விவசாயக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் சாகுபடி நிலத்துக்கு உரியவராய்க் கணக்கில் வந்தவர்களில் பெண்கள் நூற்றுக்குச் சுமார் 14 பேரே. ஓட்டை நிலத்தோடு கட்டினால் அது பெண்ணுக்கும் பூட்டுப் போட்டது போலாகிறது.

“தீர்வை கட்டுகிறவனுக்குத்தானே நிர்வாகம்?” என்பார்கள் மிராசுதாரர்கள். இந்த வாதம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சாட்சி உண்டு. கலிபோர்னியாவில் துலாரே ஏரிப் பிரதேசத்துக்கு 1,93,000 ஏக்கர் கொண்ட ஒரு நீர்த்தேக்க வாரியம் இருக்கிறது. நிலத்துக்காரருக்கே ஓட்டு, அதுவும் நிலத்தின் மதிப்புக்குத் தக்கபடி. நான்கு கம்பெனிகள் நூற்றுக்கு 85 பங்கு நிலத்தைச் சாகுபடி செய்தன. அவற்றில் ஒரு கம்பெனிக்கு மட்டும் 37,825 ஓட்டு. வாரியத்தில் பெரும்பான்மை அதனுடையது. 1969-இல் வெள்ளம் வந்தபோது, வேறோர் ஏரிப் படுகைக்குத் தண்ணீரைத் திருப்பலாம் என்ற யோசனை வந்தது. அந்தப் படுகையில் அந்தக் கம்பெனியின் குத்தகைச் சாகுபடி இருந்தது. வாரியம் திருப்பவில்லை, மற்றவர் இடங்கள் மூழ்கின. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1973-இல் அந்த ஓட்டு முறை செல்லும் என்றே தீர்ப்பாயிற்று. அங்கே குடியிருந்த 77 பேரில் பெரும்பாலோர் அந்தக் கம்பெனிகளின் வேலையாட்கள். வெள்ளம் பட்டாவைப் படித்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் நுழைவதில்லை என்பதை நீதிபதி டக்ளஸ் உணர்ந்து மாறுபட்டு எழுதினார். மற்றப் பலர் உணரவில்லை.

நமது நாட்டில் சட்டசபைக்கும் ஒரு காலத்தில் சொத்தும் வரியும் உள்ளவனுக்கே ஓட்டிருந்தது. 1951–52 தேர்தலிலிருந்து வயது வந்த எல்லாருக்கும் உண்டு. மந்திரியை நீக்க யோக்கியதையுள்ளவனுக்கு மதகுப் பலகையைப் பற்றிப் பேச யோக்கியதையில்லை என்றால் சிரிக்க மாட்டார்களா?

ஆரணி நெசவாளித் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. “நமக்கு நிலமில்லை, ஏரி நமக்கெதற்கு?” என்று தறியோடு இருந்துவிடாதீர்கள். பட்டு நூலில் பசை போக்கவும் சாயம் ஏற்றவும் நல்ல தண்ணீர் வேண்டும். அடைமழையில் தண்ணீர் ஏறினால் குழித்தறிதான் முதலில் நனையும். ஓட்டுக் கேட்கிற நாம் பொறுப்பையும் ஏற்க வேண்டும். சாயக் கழிவு ஏரியிலும் ஆற்றிலும் கலக்காமல் பார்ப்பதும் நம் கடமையே. அங்கத்தினர் உத்தியோகம் மாலைக்கும் மரியாதைக்குமல்ல. ஐப்பசி கார்த்திகையில் இரவில் கரை மீது நடப்பதற்கும், வரத்துக் கால்வாயை ஆக்கிரமித்தவன் சொந்தக்காரனாயினும் எழுப்புவதற்கும், செலவான ஒவ்வொரு காசுக்கும் பதில் சொல்லுவதற்குமே அது.

ஆகவே நாம் கேட்பது மூன்றே விஷயங்கள். ஏரியைச் சார்ந்த ஊர்களில் வயது வந்த ஆண் பெண் எல்லாருக்கும் ஏரிச் சபைக்கு ஓட்டு வேண்டும். ஆதிதிராவிடருக்கும் பெண்களுக்கும் நிலமற்ற தொழிலாளருக்கும் ஸ்தானங்கள் ஒதுக்க வேண்டும். கணக்கை வருஷந்தோறும் ஏரிக்கரையிலேயே படிக்க வேண்டும். படிக்காதவன் மறுபடி நிற்கக் கூடாது. உத்திரமேரூரிலிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கது இந்தக் கடைசி ஒன்றுதான். மற்றதை அந்தக் கல்லோடேயே விட்டுவிடலாம்.