ரூட்டருக்கும் நிகர எடை வேண்டும்



ஒரு கிலோ துவரம்பருப்பு என்று பொட்டலத்தில் அச்சிட்டுவிட்டு, பையின் எடையையும் சேர்த்து ஒரு கிலோ நிறுத்தால் நம்மை விடுவார்களா? அபராதம்தான். 1977-இல் வந்த பொட்டலப் பொருள் விதிகளும், அவற்றின் இடத்துக்கு வந்த 2011-ஆம் ஆண்டு விதிகளும் நிகர எடையைத்தான் கேட்கின்றன. இந்த நியாயம் ரூட்டர் பெட்டியில் போடும் வேகத்துக்கு மட்டும் ஏன் இல்லை? இதுவே என் கேள்வி.

அம்பத்தூரில் கீழே கடை, மேலே வீடு என்று இருப்பவன் நான். சென்ற ஆண்டு ஃபைபர் இணைப்பை 200 மெகாபிட் திட்டத்துக்கு மாற்றினேன். கடையில் பில் போடும் கணினி, ஜி.எஸ்.டி. கணக்கு, வாட்ஸ்அப் ஆர்டர், மாடியில் பேரப்பிள்ளைகளின் படிப்பு, எல்லாமே அந்த ஒரு இணைப்பில்தான். புது ரூட்டர் வாங்கப் போனேன். பெட்டியில் 1200 என்று கொட்டை எழுத்தில் இருந்தது. 200-க்கு 1200 தாராளம் என்று வாங்கி வந்தேன்.

மாட்டிப் பார்த்தால் மாடியில் 95-ஐத் தாண்டவில்லை. கீழே கல்லாவில் பல நேரம் சிக்னலே இல்லை. ஆவடியிலிருந்து ஒரு மளிகைக்காரர் காலையில் அனுப்பிய சரக்குப் பட்டியல் மதியம்தான் என் கண்ணில் பட்டது. அதற்குள் அவர் வேறு இடத்தில் வாங்கிவிட்டார். இணைப்புக் கொடுத்தவர்களிடம் இரண்டு மாதம் சண்டை போட்டேன். கடைசியில் பழுது பார்க்க வந்த பையன்தான் ரூட்டரின் பின்பக்கத்தைக் காட்டி, "ஐயா, இதில் உள்ளே வருகிற வழியே 100-தான்" என்றான்.

அந்த 1200 என்ன கணக்கு? 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867. இரண்டையும் கூட்டி, மேலே ஏற்றிப் போட்டது. அவையும் ஏட்டளவு உச்சங்களே. கம்பி சொருகும் துளை 100 மெகாபிட் என்றால் உள்ளே வருவது அவ்வளவுதான். கிடங்கு எவ்வளவு பெரிதானாலும், சந்தில் மீன்பாடி வண்டிதான் நுழையும் என்றால் லாரி லோடு எப்படி இறங்கும்?

கல்லாவில் சிக்னல் வராதது என் தவறு. கான்கிரீட் தளம், இரும்பு ஷட்டர், எண்ணெய் டின் அடுக்கு மூன்றும் வைஃபைக்கு எதிரிகள். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டினால் சோர்ந்துவிடும். 2.4 மெதுவானது, ஆனால் தூரம் போகும். மாடியிலிருந்து கடைக்கு ஒரு கம்பி இழுத்து, அங்கே இன்னொரு சிறு பெட்டி வைத்த பிறகுதான் கல்லா பிழைத்தது.

ஆகவே, புது ரூட்டர் வாங்குமுன் இருக்கிற பெட்டியிலிருந்து கணினிக்கு நேராகக் கம்பி கொடுத்து வேகத்தைப் பாருங்கள். கம்பியில் முழு வேகம் வந்து வைஃபையில் மட்டும் குறைந்தால், ரூட்டரை உயரமான, நடுவான இடத்துக்கு மாற்றிப் பாருங்கள். செலவில்லாமலே தீரலாம். அப்படியும் வாங்க வேண்டியிருந்தால், எல்லாத் துளையும் கிகாபிட்டா, அதாவது 1000 மெகாபிட்டா என்று கேளுங்கள். இரண்டு அலைவரிசையும் இருக்க வேண்டும். வைஃபை 6 போதும். உங்கள் போனும் கணினியும் வைஃபை 7-க்கு ஏற்றவையாக இல்லாதபோது அதற்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண். பெட்டியோடு வரும் பாஸ்வேர்டை அன்றே மாற்றுங்கள். வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வைஃபை தனியாகவும், பில் கணினி தனியாகவும் இருக்கட்டும்.

நிமிடக் கணக்கில் வீட்டு வாசலுக்கே சரக்குக் கொண்டுபோகும் பெரிய கம்பெனிகள் வந்துவிட்ட காலம் இது. போனில் வரும் ஆர்டரைத் தவறவிட்டால் வாடிக்கையாளரையே இழப்போம். பெட்டியின் முகப்பில் கூட்டுத்தொகைக்குப் பதிலாக, துளையின் வேகமும் ஒவ்வொரு அலைவரிசையின் வேகமும் தனித்தனியே அச்சிடப்பட வேண்டும் என்று நம் சங்கம் தீர்மானம் போட்டு அரசுக்கு அனுப்ப வேண்டும்.

அதுவரை நம் தொழில் புத்தியே நமக்குத் துணை. மூட்டையில் குத்தூசி போட்டுப் பார்க்காமல் அரிசி வாங்குகிறோமா? ரூட்டரையும் அப்படியே வாங்குவோம்.