தொடாத வைத்தியமும் தொடுதிரைப் பாடமும்

மருத்துவ ஊழியர்களுக்கு மனித மாண்பை இணையவழியில் கற்றுக் கொடுத்துவிடலாம் என்கிறார்கள். செல்போனில் பார்க்கணும், பத்துக் கேள்விக்கு டிக் அடிக்கணும், சான்றிதழ் வந்து விழும்.

எட்டி நின்று பார்க்கிற வைத்தியம் நமக்குப் புதுசா தோழர்? கத்தியவாரில் ஒரு தீண்டப்படாத பள்ளி ஆசிரியரின் மனைவி பிள்ளை பெற்ற இரண்டு நாளில் படுத்துவிட்டார். சேரிக்குள் வரமாட்டேன் என்ற டாக்டர், பச்சை உடம்புக்காரியை வெளியே கொண்டுவரச் சொன்னார். தெர்மாமீட்டர் டாக்டர் கையிலிருந்து ஒரு முஸ்லிம் கைக்கு, அங்கிருந்து புருசன் கைக்கு, அப்புறம்தான் அவள் வாய்க்கு. வந்த வழியே திரும்பிப் போனது. நிமோனியா என்றார். அவள் செத்தாள். 1929 டிசம்பரில் 'யங் இந்தியா'வில் வந்த இந்தக் கடிதத்தை அம்பேத்கர் பதிந்து வைத்திருக்கிறார். நோய்க்குப் பேர் சொல்லத் தெரிந்தவர்தான் அந்த டாக்டர். கை நீட்டத்தான் வரவில்லை.

ஏட்டில் நமக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. மருத்துவமனையில் சேர்க்க மறுப்பது குற்றம் என்று 1955 சட்டமே சொல்லிவிட்டது. 2015 திருத்தம் ஆரம்ப சுகாதார நிலையம் வரைக்கும் பேர் சொல்லி எழுதியது. 2018இல் மனித உரிமை ஆணையம் நோயாளிக்கு 17 உரிமைகளை வகுத்தது. 2019 முதல் எம்.பி.பி.எஸ். படிப்பிலேயே அறநெறிப் பாடம் இருக்கிறது.

போன வருசம் எங்க ஆயாவை ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். எந்த ஊரு என்றார்கள். தா.பழூர் என்றேன். "ஊரா, காலனியா?" சர்க்கரை வியாதிக்கு இது என்ன டெஸ்ட்? 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025இல் அறிவித்தார்கள். சீட்டு எழுதுகிறவர் வாயிலிருந்து யார் நீக்குவது?

இணையவழிப் பாடமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதன் கேள்வித்தாளை யார் போடுவது என்று கேட்கிறேன். அரியலூர் மருத்துவக் கல்லூரியையே 2022இல் காணொலியில்தான் திறந்தார்கள். 1176 மதிப்பெண் வாங்கியும் டாக்டராக விடாமல் 2017இல் நாம் பறிகொடுத்த குழுமூர் அனிதாவின் பேர் இன்று அங்கே அரங்கத்துக்கு இருக்கிறது. அந்த அரங்கத்தில் டாக்டர்களும் நர்சுகளும் உட்காரட்டும். எங்க ஆயா பேசட்டும், வார்டு கழுவுகிற ஒப்பந்தத் தொழிலாளி பேசட்டும். அதைப் படம் பிடித்துப் பாடமாகப் போடுங்கள், தமிழில். வன்கொடுமைச் சட்டத்தில் எந்தப் பிரிவு, புகாரை எங்கே கொடுப்பது என்பதும் அதில் இருக்கட்டும். வெளிநோயாளிகள் வரிசையில் நிற்கிற நம்ம சனமும் பார்க்கிற மாதிரி அங்கேயே ஒரு டிவியில் ஓடட்டும்.