இரண்டாமவரின் தகுதி

ஓர் அணியின் வலிமையை அளப்போர் பெரும்பாலும் களத்தில் நிற்கும் பதினொருவரையே எண்ணுவர். வெளியே அமர்ந்திருப்போரையும் எண்ணுவார் சிலரே. அச்சிலரின் கணக்கே சரியான கணக்கு என்பதற்கு அமெரிக்க உதைபந்தாட்டத்தில் நல்லதொரு சான்று உண்டு.

அது நம் மைதானங்களில் நாம் காணும் ஆட்டமன்று. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் முன்னேறுவது அதன் இயல்பு. காக்கும் பக்கத்தார் மூன்று அடுக்காக நிற்பர். முன்னடுக்கினர் எதிரியோடு நேரே மோதுவர். பின்னடுக்கினர் தொலைவில் எறியப்படும் பந்தைத் தடுப்பர். நடுவடுக்கில் நிற்பவர் 'லைன்பாக்கர்' எனப்படுவர். பந்தோடு ஓடிவருபவரை வீழ்த்துதல், பந்தைப் பெற ஓடுபவரைத் தொடர்ந்து மறித்தல், சமயம் வாய்ப்பின் பந்தெறிபவர் மீதே பாய்தல் என்னும் மூன்றும் இவர்தம் கடமை. எக்கடமை எப்பொழுது உரியது என்பதைக் கணப்பொழுதில் தெளிதல் வேண்டும்.

1950களில் நியூயோர்க் ஜயன்ற்ஸ் அணியின் பாதுகாப்பை வகுத்த ரொம் லாண்ட்ரி, முன்னே நால்வர், அவர் பின்னே மூவர் என்ற அமைப்பின் நடுவில் சாம் ஹஃப் என்பவரை நிறுத்திப் பெரும் பயன் கண்டார். இன்றோ எறிந்தாடும் முறை ஓங்கிவிட்டது. எதிரணி பந்து பெறுவோரை மிகுதியாக இறக்குங்கால், இம்மூவருள் ஒருவரை நீக்கிப் பின்னடுக்கிற்கு ஒருவரைச் சேர்ப்பர். ஆதலின் பல வேளைகளில் நடுவடுக்கில் எஞ்சுபவர் இருவரே. அவருள் ஒருவர் வீழ்ந்தால் அவ்வடுக்கிற் பாதி போயிற்று.

2024 பெப்ரவரி 11 ஆந் திகதி லாஸ் வேகாஸ் நகரில் நடந்த 'சூப்பர் போல்' இறுதியாட்டத்தில் நிகழ்ந்தது அதுவே. சான் பிரான்சிஸ்கோ அணியின் நடுவடுக்கைத் தாங்கியவர்கள் பிரெட் வார்னரும் ட்ரே கிரீன்லோவும் ஆவர். இரண்டாங் காற்பகுதியில், வெளியிலிருந்து களத்துக்குள் ஓட முற்பட்ட கிரீன்லோவின் குதிகால் நாண் அறுந்தது. எதிரி எவரும் அவரைத் தீண்டவில்லை. அவருக்குப் பதிலாக ஓரன் பர்க்ஸ் முதலியோர் இறங்கினர். கன்சாஸ் சிற்றி அணியின் ட்ராவிஸ் கெல்சி, லைன்பாக்கர்கள் அடிக்கடி மறிக்க நேரும் இடத்தில் ஆடுபவர். முற்பாதியில் ஒரேயொரு முறை பந்தைப் பெற்று 1 யார் தூரமே கடந்திருந்த அவர், ஆட்ட முடிவில் 9 முறை பெற்று 93 யார் கடந்திருந்தார். மேலதிக நேரத்தில் கன்சாஸ் சிற்றி 25–22 என வென்றது.

தோல்விக்குப் பதிலாட்டக்காரரையே பழித்தல் நீதியன்று. வழக்கமான நேரம் 19–19 என முடிந்த அவ்வாட்டத்தில், சான் பிரான்சிஸ்கோவின் ஒரு புள்ளிக்கான உதை தடுக்கப்பட்டதும் ஒரு காரணமன்றோ? அதனைத் தடுத்த லியோ செனாலும் ஒரு லைன்பாக்கரே என்பது கவனிக்கத்தக்கது. உதைக்கும் வேளையில் மாத்திரம் இறங்கும் குழுவிலும் இவ்வகை வீரர் பயன்படுவர்.

எனவே ஓர் அணியின் லைன்பாக்கர் வளத்தை மதிப்பிடுவோர் பெயர்களை எண்ணினாற் போதாது. மூன்று வினாக்களைக் கேட்டல் வேண்டும். முதலாவது, அடுத்து நிற்பவர் ஓடிவருபவரை மாத்திரம் தடுப்பவரா, பந்து பெறுபவரையும் மறிக்க வல்லவரா? இரண்டாவது, அவர் இறங்கினால் ஏனையோர் தத்தம் கடமையை மாற்றாது ஆட இயலுமா? மூன்றாவது, கட்டளையிட அவர் அறிவாரா? 2008 முதல், காக்கும் பக்கத்தில் ஒருவரின் தலைக்கவசத்துள் சிறு வானொலிக் கருவி வைக்க இடமுண்டு. பயிற்றுநரின் சொல் அவர் செவியில் மாத்திரமே விழும். ஏனைய பதின்மருக்கும் அதனை அவரே உணர்த்தல் வேண்டும். பெரும்பாலும் அவர் ஒரு லைன்பாக்கரே. அவருக்கு அடுத்தவர் தம் கடமையோடு பதின்மர் கடமையையும் கற்றிருத்தல் இன்றியமையாதது.

இக்கல்வி ஆட்ட நாளில் வருவதன்று. எவரும் பாராத பயிற்சி நாட்களில் வருவது. கிரீன்லோ மீண்டும் ஆடியது 2024 டிசெம்பரிலேதான். பத்து மாத இடைவெளியை ஒரு நொடி உண்டாக்கியது. அந்நொடியில் எழுந்தவருக்கு ஆயத்தமாக வேறு நொடி கிடைக்கவில்லை. மாணவ நண்பர்களே, பட்டியலில் உங்கள் பெயர் பதினொன்றுக்குப் பின் வருமாயின் மனந் தளராதீர். உங்கள் பயிற்சியையும் முதல்வரின் பயிற்சியைப் போலவே மதிக்கும் அணியே நிறைவான அணி.