மூடிப்போன நீர்மூழ்கிக்கு இத்தனை அழுகை எதற்கு?

ஊரில் ஒரு பழைய தியேட்டரை இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டினால் நாலு பேர் பெருமூச்சு விடுவார்கள். அது நியாயம். முதல் நாள் முதல் காட்சி, விசில், இடைவேளை முறுக்கு என்று ஆயிரம் ஞாபகம் இருக்கும். ஆனால் அமெரிக்காவில் ஒரு கூட்டம், 1994ல் நின்றுபோன ஒரு பொம்மை நீர்மூழ்கிக் கப்பலுக்காக இன்னமும் அழுதுகொண்டிருக்கிறது. பழைய புகைப்படங்களைச் சேர்க்கிறார்கள், வரைபடம் போடுகிறார்கள், கம்ப்யூட்டரில் அந்தச் சவாரியை அப்படியே திரும்பக் கட்டிப் பார்க்கிறார்கள். பதிவுலக பாஷையில் சொன்னால், கொசுவர்த்திச் சுருளை விடாமல் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

சிரிப்பு வரும். போலிக் கடலுக்கு நிஜக் கண்ணீரா? ஆனால் கொஞ்சம் நின்று பார்த்தால், அந்த அழுகையில் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

சவாரியின் பெயர் ‘கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்’. ஃப்ளோரிடா டிஸ்னி வேர்ல்டில் 1971 அக்டோபரில் தொடங்கியது. ஜூல்ஸ் வெர்ன் 1870ல் எழுதிய நாவலை வைத்து டிஸ்னி 1954ல் படம் எடுத்தது. அந்தப் படத்தில் வரும் கப்பலைப் போலவே செய்த 12 நீர்மூழ்கிகள். அவை ஓட, 4 கோடி லிட்டருக்கும் மேல் தண்ணீர் பிடிக்கும் ஒரு செயற்கை ஏரி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த நீர்மூழ்கிகள் மூழ்கவே மூழ்காது! சாதாரணப் படகு மாதிரிதான் மிதக்கும். பயணிகள் உட்காரும் இருக்கை மட்டும் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும். ஆளுக்கொரு வட்டக் கண்ணாடி ஜன்னல். கப்பல் கிளம்பியதும் ஜன்னலுக்கு வெளியே குமிழ்களைக் கிளப்பிவிடுவார்கள். அவ்வளவுதான், பாதாளத்துக்கே போய்விட்டதாக மனசு நம்பிவிடும். வெளியே தெரியும் மீன், ஆமை, ராட்சதக் கணவாய் எல்லாமே பொம்மை.

2001ல் ஜப்பானில் இதே பெயரில் ஒரு சவாரி திறந்தார்கள். அங்கே ஏரியே கிடையாது. ஜன்னலின் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர், அதில் குமிழ். பொய்க்குள் ஒரு பொய்.

அப்படியிருந்தும் ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். ஏன் என்று பிறகு பார்ப்போம். முதலில் ஏன் மூடினார்கள் என்று பார்ப்போம். காமர்ஸ் மாணவர்களுக்கு சுவாரஸ்யமான இடம் அதுதான்.

ஆரம்பத்தில் டிஸ்னி பூங்காக்களில் ஒவ்வொரு சவாரிக்கும் தனிக் கூப்பன். ஏ முதல் ஈ வரை தரம் பிரித்திருந்தார்கள். நீர்மூழ்கி, விலை அதிகமான ஈ கூப்பன் சவாரி. 1982ல் கூப்பன் முறையை எடுத்துவிட்டு, வாசலில் ஒரே டிக்கெட் என்று மாற்றினார்கள். கணக்குப் புத்தகத்தில் என்ன ஆகிறது என்று யோசித்துப் பாருங்கள். அதுவரை நீர்மூழ்கி தானே சம்பாதித்துத் தானே செலவழித்தது. அதற்குப் பிறகு வருமானம் பொது, செலவு மட்டும் தனி!

செலவும் கொஞ்சநஞ்சமல்ல. கப்பலுக்கு ஒரு ஓட்டுநர். ஏரித் தண்ணீரைச் சுத்தமாகவே வைத்திருக்க வேண்டும். நீருக்கடியில் இருக்கிற பொம்மைகளைப் பழுது பார்க்க முக்குளிப்பவர்கள் வேண்டும். பயணிகள் குறுகலான படியில் ஒவ்வொருவராக இறங்கி ஏற வேண்டியிருந்ததால் வரிசை நகரவே நகராது. நடக்க முடியாதவர்கள் ஏறுவதும் கஷ்டம். ஒரு தலைக்கு என்ன செலவு என்று கணக்குப் பார்க்கிற மேனேஜர் கண்ணில் முதலில் படுவது இப்படிப்பட்ட சவாரிதான். 1994 செப்டம்பர் 5ம் தேதி ஓட்டம் நின்றது. 1996ல் இனி திறக்காது என்றார்கள். 2004ல் எல்லாவற்றையும் இடித்துத் தள்ளினார்கள்.

மேனேஜரைத் திட்டிப் பிரயோஜனமில்லை. அவர் கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கணக்கில் ஒரு வரி விட்டுப்போயிருந்தது. அந்த வரியை எழுதக் கணக்குப் புத்தகத்தில் இடமே இல்லை என்பதுதான் விஷயம்.

கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் இதற்கு அண்ணன் ஒருவர் உண்டு. 1959ல் தொடங்கி 1998ல் மூடப்பட்ட நீர்மூழ்கிச் சவாரி. அது 2007ல் திரும்ப வந்தது. காரணம் பழைய ரசிகர்களின் கண்ணீர் அல்ல. 2003ல் வெளிவந்து வசூலைக் குவித்த ‘ஃபைண்டிங் நெமோ’ படம். மீன் பொம்மை விற்கும் என்று தெரிந்ததும் ஏரிக்குத் தண்ணீர் வந்துவிட்டது. கண்ணீருக்குத் திறக்காத கதவு கல்லாப்பெட்டிக்குத் திறந்தது.

நெமோ என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். வெர்னின் நாவலில் நெமோ என்பது நீர்மூழ்கியின் கேப்டன் பெயர். அவர் யார் என்பது பின்னால் எழுதிய ‘மர்மத் தீவு’ நாவலில் வெளிவருகிறது. புந்தேல்கண்ட் இளவரசர் தக்கார். அதாவது வெள்ளைக்காரனை எதிர்த்துத் தோற்ற ஒரு இந்தியர்! அதோடு போகவில்லை. நாவலில் அவருடைய கப்பல் மன்னார் வளைகுடாவுக்கு வருகிறது. முத்துக் குளிக்கும் ஒரு ஏழை இந்தியனைச் சுறாவிடமிருந்து காப்பாற்றி, கையில் ஒரு பை முத்தையும் கொடுத்துவிட்டுப் போகிறார் கேப்டன். ஃப்ளோரிடாவில் ஏரி வெட்டி ஓட்டிக் காட்டிய கதையின் ஒரு முக்கியமான கட்டம் நடப்பது தமிழ்க் கரையை ஒட்டிய கடலில்.

அந்தக் கரையில் கடலுக்கடியைக் காட்ட என்ன இருந்தது? இருந்தது. சென்னை மெரினாவில் ஒரு கடல்மீன் காட்சிசாலை. அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் யோசனை. 1909ல் திறந்தார்கள். இந்தியாவில் இந்த மாதிரி முதல் முயற்சி அதுதான். 1942ல், யுத்த பயத்தில் சென்னையே காலியாகிக்கொண்டிருந்தபோது மூடினார்கள். ஃப்ளோரிடா நீர்மூழ்கி ஓடியது 23 வருஷம். மெரினா காட்சிசாலை அதைவிடப் பத்து வருஷம் கூடுதலாகவே ஓடியிருக்கிறது. ஆனால் அதற்காக அழ இன்று யார் இருக்கிறார்கள்? பார்த்தவர்கள் போய்ச் சேர்ந்தார்கள், அவர்களோடு ஞாபகமும் போனது. நாஸ்டால்ஜியாவுக்கும் ஆயுசு உண்டு. தலைக்கு மேல் மீன் நீந்தும் கண்ணாடிச் சுரங்கம் சென்னைக்கு வந்தது 2019ல். தனியார் இடம், டிக்கெட் பல நூறு ரூபாய்.

நடுவில் இந்தப் பக்கத்து ஜனங்கள் பலருக்குக் கடலுக்கடியைக் காட்டியது சிங்கப்பூர். பரங்கிப்பேட்டையிலும் கடலூரிலும் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா சம்பந்தம் இல்லாத தெரு குறைவு. சிங்கப்பூரில் பிள்ளையோ மாப்பிள்ளையோ இருந்தால், பார்க்கப் போன பெரியவர்களை செந்தோசாவுக்குக் கூட்டிப்போவது ஒரு சம்பிரதாயம். அங்கே ‘அண்டர்வாட்டர் வேர்ல்டு’ என்று ஒரு இடம். 1991ல் திறந்தது. நின்றால் போதும், தானே நகரும் பாதை கண்ணாடிச் சுரங்கத்துக்குள் கூட்டிப்போகும். தலைக்கு மேலே திருக்கை, பக்கத்தில் சுறா. அதுவும் 2016 ஜூனில் மூடப்பட்டது. குத்தகைக் காலம் முடியப்போகிறது, பக்கத்திலேயே பெரிய போட்டியாளர் வந்தாயிற்று, கணக்கு சரி. கடைசி நாட்களில் கூட்டம் அலைமோதியது.

அங்கே கிரேசி என்று ஒரு கடல்பசு இருந்தது. 2014ல் செத்துப்போனது. கடல்பசு என்றால் ஏதோ வெளிநாட்டு மிருகம் இல்லை. பாக் நீரிணைக்காரர்கள் ஆவுளியா என்று சொல்வார்களே, அதுதான். தமிழ்நாடு அரசு 2022ல் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது அதற்காகத்தான். சொந்தக் கடலின் உயிரைப் பார்க்க விமானம் ஏறி சிங்கப்பூர் போய், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டியிருந்தது என்றால் கோளாறு எங்கே இருக்கிறது?

இப்போது ஊர் நிலவரம். கடலூர் மாவட்டத்துக்கு ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல் கடற்கரை. ஆனால் இங்கே வளர்கிற பிள்ளைக்குக் கடல் என்றால் என்ன? 2004 டிசம்பர் 26, மாவட்டத்தில் அறுநூறு பேருக்கு மேல் பலி. 2011 டிசம்பர் 30, தானே புயல். சிப்காட், உப்பனாறு, மூக்கைப் பொத்திக்கொள்ளும் வாடை. "கடல் பக்கம் போகாதே" என்ற அம்மாவின் குரல். மிஞ்சினால் சில்வர் பீச்சில் ஞாயிற்றுக்கிழமை சுண்டல். கடலின் மேல்தோலை மட்டும், அதுவும் பயத்தோடு பார்த்து வளர்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று காட்ட, எப்போதாவது பொருட்காட்சியில் கண்ணாடித் தொட்டியும் கடல்கன்னி வேஷமும்தான் வருகின்றன. மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் அப்பா மூலம் கொஞ்சம் தெரியும். அந்த அறிவு பாடப்புத்தகத்துக்குள் வருவதில்லை.

இப்போது அந்த விட்டுப்போன வரிக்கு வரலாம். நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு இருக்கை, அதற்கு ஒரு ஜன்னல். ஃப்ளோரிடாவில் ஜனங்கள் இழந்தது அந்த இருக்கையைத்தான், பிளாஸ்டிக் மீனை அல்ல. "இதற்கு உள்ளே ஒரு உலகம் இருக்கிறது" என்று ஆறு வயதில் ஒருவன் நம்பிவிட்டால், அறுபது வயதிலும் தண்ணீரை அவனால் வெறும் தண்ணீராகப் பார்க்க முடியாது. இதற்கு என்ன விலை போடுவது? எந்தத் தணிக்கையாளரும் போட்டதில்லை.

இதையே திருப்பிப் போட்டால் ஆபத்து புரியும். உள்ளே எதுவுமே இல்லை என்று நினைப்பவனுக்கு கடல் என்பது இலவசச் சாக்கடை. கழிவை ஆற்றில் விடும் ஒரு ஆலையின் லாப நட்டக் கணக்கில் மூலப்பொருள் செலவு இருக்கும், கூலி இருக்கும், மின்சாரம் இருக்கும். செத்த மடவைக்கும் கொடுவாவுக்கும் வரி இருக்காது. அந்தக் கணக்கை எழுதப்போவது யார்? இன்று கடலூரிலும் சிதம்பரத்திலும் பி.காம் படிக்கிறவர்கள்தான். தண்ணீருக்குக் கீழே ஒரு தடவைகூடப் பார்க்காதவர்கள் அந்த வரியில் பூஜ்யம் போட்டால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அப்படியானால் சில்வர் பீச்சில் நூறு கோடியில் கண்ணாடிச் சுரங்கம் கட்டிவிடலாமா? வேண்டாம். டிஸ்னியின் பணத்தாலேயே தாங்க முடியாத பராமரிப்பை மாநகராட்சி தாங்காது. திறப்பு விழாவுக்கு மந்திரி வருவார், மூன்றாம் வருஷம் பாசி வரும், ஐந்தாம் வருஷம் பூட்டு வரும். பெரிய உயிர்களைத் தொட்டிக்குள் அடைப்பது சரியா என்ற கேள்வியும் உலகம் முழுக்க எழுந்துவிட்டது. தவிர, நிஜக் கடல் பக்கத்திலேயே இருக்கும்போது போலிக்கடல் எதற்கு?

தேவையானதெல்லாம் ஏற்கெனவே இங்கே இருக்கிறது. பரங்கிப்பேட்டையில், வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம் 1960களிலிருந்து இயங்குகிறது. பேராசிரியர் ஆர்.வி. சேஷய்யா தொடங்கி வைத்தது. நாட்டிலேயே பேர்பெற்ற இடம், அருங்காட்சியகமும் உண்டு. சிதம்பரத்திலிருந்து டவுன் பஸ் தூரம்தான். ஆனால் சிதம்பரத்தில் மூன்று வருஷம் தங்கிப் படித்துவிட்டு, அதை ஒருமுறைகூடப் பார்க்காமல் டிகிரி வாங்கிப் போகிறவர்கள்தான் அதிகம். இந்தப் பக்கம் பிச்சாவரம். படகில் ஏறுகிறார்கள், ‘இதயக்கனி’யில் எம்.ஜி.ஆர் வந்த இடம் என்று கேட்டுக்கொள்கிறார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு இறங்குகிறார்கள். துடுப்புக்கு ஒரு முழம் கீழே, சுரபுன்னை வேர்களுக்கு நடுவில், இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. கரையில் விற்கிற மீனுக்கு அதுதான் தொட்டில். படகுக்காரருக்கு அது தெரியும், ஆனால் யாரும் கேட்பதில்லை.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வருஷத்துக்கு ஒரு நாள் காலையில் பரங்கிப்பேட்டை, மத்தியானம் பிச்சாவரம் என்று கூட்டிப்போகலாம். பஸ் செலவும் சாப்பாடும்தான். படகின் அடியில் ஒரு சதுரக் கண்ணாடி பதித்தால் இன்னும் நல்லது. கலங்கிய தண்ணீரில் கொஞ்சம்தான் தெரியும். பரவாயில்லை. ஃப்ளோரிடாக்காரர்கள் வெறும் குமிழை வைத்தே ஒரு தலைமுறையை நம்பவைத்தார்கள். இங்கே தெரிகிற அந்தக் கொஞ்சம் நிஜம்.

கடைசியாக ஒரு தகவல். அந்த 12 நீர்மூழ்கிகளில் இரண்டை டிஸ்னிக்காரர்கள் பஹாமாஸ் பக்கத்தில் தாங்கள் குத்தகைக்கு எடுத்த ஒரு தீவின் கடலில் இறக்கிவிட்டார்கள். 23 வருஷம் முழுகாமலேயே முழுகியதாக நடித்தவை ஒருவழியாக நிஜமாகவே முழுகின. இன்று அந்த ஜன்னல்களைச் சுற்றி நிஜ மீன்கள் நீந்துகின்றன, மூச்சுக்குழாய் மாட்டிக்கொண்டு ஜனங்கள் நீந்திப்போய்ப் பார்க்கிறார்கள்.

மூடிப்போன ஒரு பொய்க்கே இவ்வளவு மரியாதை கிடைத்திருக்கிறது. மூடவே முடியாத கடல் ஒன்று கடலூருக்குக் கிழக்கே கிடக்கிறது. அதற்கு ஒரு ஜன்னலைத் திறக்க யாராவது பஸ் டிக்கெட் எடுத்தால் போதும்.