பள்ளத்தியின் குடித்தனம்

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்க ஆசைப்படும் சகோதரிகள், தங்க மீனையும் சண்டை மீனையும் தேடிக்கொண்டு கொளத்தூர்க் கடைகளுக்குப் போகிறார்கள். போகட்டும். ஆனால், நம் மண்ணிலேயே பிறந்த அழகி ஒருத்தி இருக்கிறாளே, அவளை விசாரித்தீர்களா?

மாமல்லபுரம் போகும் வழியில் நெம்மேலியைப் பார்த்திருப்பீர்கள். கிழக்கே கடல், மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய். இப்படி நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலக்கும் கழிகளும், உள்நாட்டுக் குளங்களுமே பள்ளத்தி மீனின் பிறந்தகம். தென்னிந்தியாவையும் இலங்கையையும் விட்டால் இதற்கு வேறு சொந்த ஊர் கிடையாது. பள்ளத்தி என்பது கேரளத்தார் வைத்த பெயர். கடையில் 'ஆரஞ்சு குரோமைட்' என்று கேளுங்கள். மூன்று அங்குலம்தான் வளரும். வட்டமான மஞ்சள் உடம்பு. விலாவிலே ஒரு கறுப்புப் பொட்டு.

ஆண் எது, பெண் எது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. ஆறு குஞ்சுகளாக வாங்கி, மூன்றடித் தொட்டியில் விட்டால், ஜோடியை அவையே தேடிக்கொள்ளும். உருண்டை ஜாடி மட்டும் வேண்டவே வேண்டாம்! நம் ஊர் வெப்பமே போதும். கிணற்றுத் தண்ணீர் சற்றுக் கடினமாக இருந்தாலும் ஒத்துக்கொள்ளும். புதுத் தொட்டியில் ஒரேயடியாக எல்லா மீனையும் விட்டு, தீனியையும் அள்ளிப் போட்டால், கழிவு நஞ்சாகிவிடும். வடிகட்டி பழகச் சில வாரம் பிடிக்கும். அதுவரை தீனியில் கொஞ்சம் கஞ்சத்தனம் நல்லது. வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். முழுவதையும் கொட்டிக் கழுவாதீர்கள்.

கல்லில் முட்டையிட்ட பிறகு பாருங்கள் வேடிக்கையை! தாயும் தகப்பனும் மாறி மாறிக் காவல் இருந்து, துடுப்பால் விசிறுகின்றன. (இந்த வரியை வீட்டுக்காரருக்கு உரக்கப் படித்துக் காட்டலாம்.) நீந்தத் தொடங்கிய குஞ்சுகள் பெற்றோர் உடம்பில் மோதி மோதி எதையோ கொறிக்கும். 'ஐயோ, கடிக்கிறதே!' என்று வலையைத் தூக்காதீர்கள். மேலே சுரக்கும் வழுவழுப்புதான் அவற்றுக்கு ஆகாரம். வார்டு, பார்லோ என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1967-இல் இதை விரிவாக எழுதியிருக்கிறார்கள். பிரித்து வைத்தால் பிள்ளைகளுக்கு அந்த ஊட்டம் போயிற்று.

முட்டை இருக்கும் நாட்களில் குழந்தைகள் கண்ணாடியைத் தட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மிரண்டுபோனால் பெற்றவையே முட்டைகளைத் தின்றுவிடும்.