மணியும் பாட்டியும்

வாசல் கேட் கிறீச்சிட்டதும் ஓடி வந்து, முன்னங்கால்களைத் தூக்கி உங்கள் புடவைக் கொசுவத்தில் வைக்கிறதே நாய்க்குட்டி, அதைக் கண்டு மனம் இளகாதவர் யார்? மூன்று மாதக் குட்டி தாவினால் அழகுதான். ஒரு வருஷம் கழித்து அதுவே இருபது கிலோ எடையுடன் தாவும்போதுதான் அழகு பறந்து போகிறது.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பாட்டி பூக்குடலையுடன் உள்ளே வந்துகொண்டிருந்தாள். மணி ஆசையோடு தாவியது. குடலை ஒரு பக்கம், பாட்டி ஒரு பக்கம். நல்ல வேளை, தூண் கைக்கு அகப்பட்டது; முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. எழுபத்தைந்து வயதில் இடுப்பெலும்பு முறிந்திருந்தால்? "நானா, இந்த நாயா? தீர்மானம் பண்ணிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டாள் பாட்டி. மருமகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

போய்ப் பார்த்தேன். நாயைவிட மனிதர்களைத்தான் அதிகம் கவனித்தேன். ஆபீஸிலிருந்து வந்த ஐயா தொடையைத் தட்டி, "வாடா ராஜா!" என்று தாமே மேலே ஏற்றிக்கொண்டார். மருமகள், "சீ, இறங்கு!" என்று இரு கைகளாலும் தள்ளினாள். மணிக்கு இரண்டும் ஒன்றுதான். தள்ளினால் விளையாட்டு; கத்தினால் தன்னோடு பேசுகிறார்கள் என்ற சந்தோஷம்!

குட்டிகள் பெரிய நாய்களின் வாயை நக்கி வரவேற்பது நாய்க் குலத்தின் மரியாதை. நம் முகமோ ஐந்தடி உயரத்தில் இருக்கிறது. தாவாமல் என்ன செய்யும், பாவம்?

ஆகவே, தாவினால் கையைக் கட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பி நில்லுங்கள். பேச்சும் வேண்டாம், பார்வையும் வேண்டாம். நாலு காலும் தரையில் பட்ட அந்தக் கணமே குனிந்து தடவிக் கொடுத்து, சுண்டைக்காய் அளவு இட்லித் துண்டோ வெந்த காரட்டோ கொடுங்கள். (வெங்காயம், உலர்ந்த திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்க்கு விஷம்.) கூடவே உட்காரவும் பழக்குங்கள். தீனியை மூக்கருகில் காட்டி, மெதுவாகத் தலைக்கு மேலே பின்பக்கமாக நகர்த்தினால், அண்ணாந்து பார்க்கும் குட்டியின் பின்புறம் தானே தரையில் படியும். உட்கார்ந்திருக்கும் நாய் தாவுவது எப்படி?

முழங்காலால் மார்பில் இடி, பின்னங்காலை மிதி என்று யோசனை சொல்கிறவர்களும் உண்டு. கேட்காதீர்கள். அடிபட்ட குட்டி, வருகிறவர்களைக் கண்டு பயந்து உறுமத்தான் கற்றுக்கொள்ளும். பழகும் வரை, விருந்தாளி வரும்போதும் பாட்டி நடமாடும்போதும் வாரில் கட்டி வையுங்கள். தடுப்பூசியைத் தள்ளிப் போடாதீர்கள். நகம் கீறி ரத்தம் வந்தால் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு டாக்டரிடம் போங்கள்.

முதல் சில நாள் குட்டி முன்னிலும் அதிகமாகத் தாவும். 'இதுவரை பலித்த வித்தை இப்போது ஏன் பலிக்கவில்லை?' என்று அதற்குத் திகைப்பு. அப்போது மனம் தளர்ந்து ஒரு தடவை கொஞ்சிவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண். அமெரிக்க மனோதத்துவ நிபுணர்கள் ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் புறாக்களை வைத்துச் செய்த பரீட்சைகளை 1957-ல் புத்தகமாக வெளியிட்டார்கள். எப்போதாவது தீனி கிடைத்த பழக்கம், தீனி நின்ற பிறகும் லேசில் விடுவதில்லையாம். அந்த 'எப்போதாவது' நம் வீட்டு ஐயாதான்! மணியைத் திருத்த மூன்று வாரம் ஆயிற்று. அதில் இரண்டு வாரம் ஐயாவைத் திருத்தவே போயிற்று.

போன வாரம் அங்கே போயிருந்தேன். பூக்குடலையுடன் வந்த பாட்டி, "உட்காருடா" என்றாள். மணி உட்கார்ந்தது. இப்போதெல்லாம் காலையில் தன் கணக்கில் ஓர் இட்லி கூடுதலாக வார்க்கச் சொல்கிறாளாம் பாட்டி.