ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி.. யாரு? எதை? எவ்வளவு?

பெங்களூருக்குப் படிக்கவோ வேலைக்கோ போகிற தமிழ்ப் பையன் முதலில் கற்றுக்கொள்ளும் கன்னட வாக்கியம் "கன்னட கொத்தில்லா". இரண்டாவது "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி". மூன்றே சொல், அதிலும் நடுவில் உட்கார்ந்திருப்பது இங்கிலீஷ். ஆனாலும் அதுதான் அந்த ஊரின் குணம், பெருந்தன்மை, பண்பாடு என்று டீ-ஷர்ட்டில் எல்லாம் அச்சடித்து விற்கிறார்கள். "இதுக்கு இணையா கன்னடத்துல ஒரு வார்த்தையே கிடையாது சார், மொழிபெயர்க்கவே முடியாது" என்று பெருமை வேறு!

சுத்தப் பொய். கன்னடத்தில் வார்த்தை இருக்கிறது. ஒன்றல்ல, அரை டஜன். சிக்கலே அங்கேதான். அந்த அரை டஜனில் எதை எடுத்தாலும், யார் விட்டுக்கொடுக்கிறார், எதை விட்டுக்கொடுக்கிறார் என்பது வெளியே தெரிந்துவிடும். அட்ஜஸ்ட் என்றால் தெரியாது. கேட்கிறவருக்கு அதைவிட வேறென்ன சௌகரியம் வேண்டும்?

முதலில் இங்கிலீஷ் பக்கம் போய்விட்டு வரலாம். அங்கே அட்ஜஸ்ட் என்ற வினைக்குப் பெரும்பாலும் ஒரு செயப்படுபொருள் வேண்டும். கண்ணாடியை அட்ஜஸ்ட் செய்யலாம், பெல்ட்டை, கடிகாரத்தை அட்ஜஸ்ட் செய்யலாம். இல்லாவிட்டால் இன்னதற்கு என்று வர வேண்டும்: இருட்டுக்குக் கண் அட்ஜஸ்ட் ஆகிறது, புது ஊருக்கு ஆள் அட்ஜஸ்ட் ஆகிறார். இரண்டிலும் மாறப்போவது எது என்பது வாக்கியத்திலேயே இருக்கிறது. லண்டன் பஸ்ஸில் ஏறி வெறுமனே "ப்ளீஸ் அட்ஜஸ்ட்" என்றால், "எதை?" என்று திருப்பிக் கேட்பார்கள். அது நியாயமான கேள்வி. நம்ம ஊர்களில்தான் யாரும் கேட்பதில்லை.

அந்தச் சொல்லின் பூர்வீகம் இன்னும் வேடிக்கை. பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. லத்தீனில் 'பக்கத்தில் கொண்டு வை' என்பதுதான் அடிப்படை. பிற்பாடு, நியாயம் என்று பொருள்படும் 'ஜஸ்ட்'தான் அதற்குள் இருக்கிறது என்று ஆட்கள் தவறாக நினைத்துக்கொள்ள, அந்த வாசனையும் ஒட்டிக்கொண்டது. ஆக, ஒரே சொல்லில் 'நெருக்கி உட்கார்' பாதி, 'நியாயமாக நட' பாதி. பெங்களூர் எடுத்துக்கொண்டது முதல் பாதியை மட்டும் :-)

கன்னடத்துக்கு வரலாம். ஹொந்து என்பது வேர்ச்சொல். தமிழனுக்கு இது அந்நியமே இல்லை. பால் ஹாலு ஆனது, புலி ஹுலி ஆனது மாதிரி, நம் பொருந்துவின் சொந்தக்காரன்தான் இந்த ஹொந்து. பழைய கன்னடத்தில் பொர்து என்றே இருந்தது. இதிலிருந்து இரண்டு கிளை. ஹொந்திஸு என்றால் ஒரு பொருளைப் பொருத்து, சரியாக அமை. ஹொந்திகொள்ளு என்றால் உன்னைப் பொருத்திக்கொள். கடைசியில் வரும் அந்தக் கொள்ளு நம் 'கொள்' தான். அந்த ஒரு துணைவினை வந்ததுமே, மாற வேண்டியது கண்ணாடி அல்ல, ஆள் என்று புரிந்துவிடுகிறது.

இன்னும் இருக்கிறது. கடிகாரத்தைச் சரிசெய்ய சரிமாடு. வரவையும் செலவையும் ஈடுகட்ட சரிதூகிஸு. ஒருத்தர் போக்குக்கு வளைந்து போக அனுசரிஸிகொண்டு ஹோகு. பஸ் சீட்டில் கொஞ்சம் தள்ளி உட்கார வெறும் சரி போதும். இந்தச் சரி ஒரு ரகளையான சொல். கன்னடத்திலும் தமிழைப் போலவே சரி என்றால் நியாயம், ஒப்பு. வினையாக வந்தால் அங்கே நகர்வது, இங்கே சரிந்து விழுவது. ஐரோப்பாக்காரன் தவறாக இரண்டு பொருளை ஒட்டவைத்த வேலையை, இந்தப் பக்கம் ஒரே ஒலியில் ஏற்கெனவே வைத்திருக்கிறார்கள். இதற்கு மேலும் மொழிபெயர்க்க முடியாது என்றால் எப்படி?

இதில் பாதிக் குற்றம் 'முப்பது நாளில் கன்னடம்' ரகப் புத்தகங்களுக்கும் வார்த்தைப் பட்டியல்களுக்கும். அட்ஜஸ்ட், ஒரு சமன்குறி, ஹொந்திஸு. முடிந்தது கதை. கொள்ளு காணோம், எடுத்துக்காட்டு காணோம். அதை மனப்பாடம் செய்தவன், புது ஊருக்குத் தான் பழகிவிட்டேன் என்று சொல்ல நினைத்து, ஊரையே தனக்கு ஏற்றபடி மாற்றி அமைத்துவிட்டேன் என்று சொல்லித் தொலைப்பான். ஜி. வெங்கடசுப்பையா 1991-இல் பிரஜாவாணியில் 'இகோ கன்னட' என்ற பத்தியைத் தொடங்கினார். ஒரு சொல் எங்கிருந்து வந்தது, எங்கே எப்படி வரும் என்று வாசகர்களுக்கு வருஷக்கணக்காக விளக்கிக்கொண்டிருந்தார். 2021-இல் 107 வயதில் காலமானார். அவ்வளவு உழைப்பு இருக்கிற மொழிக்கு ஒரு சமன்குறிதான் மரியாதையா?

உடனே "தூய கன்னட வெறி" என்று யாரும் கொடி பிடிக்க வேண்டாம். பஸ்ஸும் காபியும் ஆபீஸும் கன்னடம்தான், தமிழும்தான். கடன் சொல் வருவது தப்பே இல்லை. பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆள் உட்கார "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்றால் அங்கே அந்தச் சொல் யோக்கியமானது. ஆளுக்கு நாலு விரல் இடம் போகும், எல்லோருக்கும் சமமாகப் போகும், அவரவர் ஸ்டாப் வந்ததும் முடிந்துவிடும். சிலர் 'மாட்கொள்ளி' என்றும் சொல்வார்கள். (தமிழ்க் காதுக்குக் கொள்ளி என்றால் வேறு ஞாபகம் வரும், அங்கே அது மரியாதை!) அதில் கொள்ளு பிழைத்திருக்கிறது. டீ-ஷர்ட்டில் ஏறிய வாக்கியத்தில்தான் அதுவும் போய்விட்டது.

பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகுதான் விவகாரம். கல்யாணம் ஆகி வந்த பெண்ணிடம் அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொல்கிறார்கள். எத்தனை நாளைக்கு? எந்த ஸ்டாப்பில் இறங்கலாம்? ஹொந்திகொள்ளு என்று சொன்னாலாவது, 'மாற வேண்டியவள் நீ, நாங்கள் அல்ல' என்பது பச்சையாகத் தெரியும், அவளும் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்கலாம். இங்கிலீஷில் சொன்னால் ஏதோ ஃபேன் ரெகுலேட்டரைத் திருப்புகிற மாதிரி ஆகிவிடுகிறது. முன்னால் ஒரு 'ஸ்வல்ப' வேறு. கொஞ்சமாம்!

இந்தச் சொல் எந்த அளவுக்கு இறங்கும் என்று பார்க்க பக்கத்து மாநிலத்துக்குப் போக வேண்டும். மலையாள சினிமாவில் பெண்களின் நிலைமையை ஆராய்ந்த நீதிபதி ஹேமா கமிட்டியின் அறிக்கை 2019 கடைசியில் கேரள அரசிடம் போனது. வெளியே வந்ததோ 2024 ஆகஸ்டில். பட வாய்ப்புக்குப் பதிலாகப் பாலியல் சலுகை கேட்பதற்கு அந்தத் துறையில் புழங்கும் இரண்டு சொற்களை அது பதிவு செய்திருக்கிறது. ஒன்று காம்ப்ரமைஸ். இன்னொன்று அட்ஜஸ்ட்மெண்ட். கேட்கிறவன் வாயில் அசிங்கம் படாமல், கேட்கப்படுகிறவள் தலையில் மொத்தமும் விழுகிற மாதிரி ஒரு சொல் அவர்களுக்குத் தேவைப்பட்டது. தேடி அலையவே வேண்டியிருக்கவில்லை.

மறுபடி பெங்களூர். வீட்டு அட்வான்ஸ் என்று பத்து மாத வாடகையை மொத்தமாக வாங்கிக்கொள்ளும் வழக்கம் அங்கே ரொம்பப் பிரசித்தம். காலி செய்கிற நாளில் பெயிண்ட், ப்ளம்பிங், இன்னும் என்னென்னவோ வரும். "அட்வான்ஸ்ல அட்ஜஸ்ட் மாட்தீனி" என்பார் ஓனர். மாணவனும் தலையாட்டிவிடுவான், ஏனென்றால் அட்ஜஸ்ட் நல்ல வார்த்தை, பஸ்ஸில் கற்றுக்கொண்டது. இதே காரியத்துக்கும் கன்னடத்தில் சொல் உண்டு. முரிதுகொள்ளு, அதாவது கழித்துக்கொள். நம் முறி தான், உடைத்து எடுத்துக்கொள்வது. தலையாட்டுவதற்கு முன்னால் "எஷ்டு முரிதுகொள்தீரா?" என்று மட்டும் கேட்டுப் பார்க்கட்டும். எஷ்டு என்றால் எவ்வளவு. அதற்கு ஓனர் ஒரு தொகையைச் சொல்லியே ஆக வேண்டும்.